முரசுக்குக் கால் மூன்று

மெல்ச்சோர் ஃபாபியான் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் ஏரிப்புல் ஏற்றிய தோணியை மெக்சிகோ நகரத்துக் கால்வாய்களில் தள்ளிக்கொண்டு போவார். பெருநாட்களில் மட்டும் அவர் பேட்டையின் முரசுக்காரர். மார்பு உயர மரமுரசு, மேலே மான்தோல். சதுக்கத்தின் நடுவில் அது நிற்கும்; சுற்றி வட்டமாக ஆடுவார்கள். ஆடுகிறவன் முகம் முரசைவிட்டு விலகினால் அவர்களுக்கு அது ஆட்டமில்லை, வெறும் நடை.

ஸ்பெயின் அரசரின் பெயரால் ஆள வரும் புதிய வைஸ்ராய் நகருக்குள் நுழையும் நாள் நெருங்கியது. ஒத்திகை பார்க்க மாளிகை அதிகாரி வந்தார். வட்டத்தில் பாதிப் பேரின் முதுகு, வைஸ்ராய் அமரப்போகும் மாளிகை மாடத்தைப் பார்த்திருந்தது.

"பிரபுவுக்கு முதுகு காட்டுவீங்களாடா? எல்லாரும் மாடத்தப் பாத்து ஆடணும். முடியலன்னா அடுத்த பேட்டைக்காரன் ஆடட்டும்."

ஆடும் உரிமை ஒருமுறை அடுத்த பேட்டைக்குப் போனால் திரும்பாது என்பது மெல்ச்சோருக்குத் தெரியும். முரசைப் பாராமல் ஆடவும் முடியாது.

வீட்டில் மனைவி பெட்ரோனிலா சோளமாவைப் பிசைந்தபடியே கேட்டாள். "இதுக்கா இந்த மூஞ்சி? அந்த ஆள எறங்கி முரசுகிட்ட வரச் சொல்லுய்யா."

"வருவாராடி அவரு?"

"அப்ப முரசு போவட்டும். அதுக்குத்தான் மூணு காலு இருக்கே."

அவர் சிரிக்கவில்லை. அப்பனும் பாட்டனும் நின்றது சதுக்கத்தின் நடுவில். மூன்று நாள் தோணி தள்ளிக்கொண்டே யோசித்தார். நடு என்பது யாரோ அளந்து வைத்த புள்ளியல்ல, முரசு நிற்கும் இடம்தான் என்று கடைசியில் மனம் ஒப்பியது.

வைஸ்ராய் வந்த அன்று மாடத்துக்கு நேர்கீழே, சுவரோரம் முரசை இறக்கினார்கள். அதிகாரி ஓடிவந்தார்.

"இங்க ஏன்டா வச்சீங்க?"

"யாராவது முதுகு காட்டுறாங்களா, பாருங்கய்யா."

ஒருவரும் காட்டவில்லை. எதிரே பிறைவட்டமாக நூறு பேர், இறகு விசிறிகளோடு, முரசை நோக்கி நின்றார்கள்.

முதல் அடி விழுந்தது. பின்னாலிருந்த கற்சுவர் அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பித் தந்தது. இதை மெல்ச்சோரே எதிர்பார்க்கவில்லை. சதுக்கமே அதிர்ந்தது. நூறு பேரும் ஒரே காலாக மிதித்தார்கள். மேலே வைஸ்ராய் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"நம்ம முரசுக்குத் தொப்பியக் கழட்டிட்டாருடி," என்றாள் பெட்ரோனிலா பக்கத்துக்காரியிடம்.

நூறு பேரும் மாடத்தை நோக்கி ஆடிய மரியாதை தமக்கென்றே வைஸ்ராய் நினைத்திருப்பார். அதில் தவறும் இல்லை. நடந்தது முழுவதும் தெரிந்தவர்கள் கீழே இருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வைஸ்ராய் வந்தபோது தண்டோராக்காரனே அறிவித்தான்: முரசு மாடத்தடியில், வழக்கப்படி அதே பேட்டைக்காரர்கள். மெல்ச்சோர் அதைத் தோணியில் நின்றபடி கேட்டார். கழியை ஊன்றி, முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.