வெயில் தின்ற டேங்கை உருக்க முடியுமா? செம்பூரிலிருந்து தாராவி வரை

நான் பார்த்ததையும் கேட்டதையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். எங்கள் வீட்டுக்குச் சாதகமில்லாத இடங்களையும் விடப்போவதில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடக் காரணம் உண்டு. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு வருமுன்பே எங்கள் கட்டடத்து மீட்டிங்கில் வாசிக்கப்பட்டுவிட்டது. "ரெண்டு வரியை மட்டும் விட்டுட்டு வாசிக்கப்படாதோ?" என்று அம்மா கேட்டாள். விடவில்லை.

செம்பூரில் எங்களுக்கு மூன்றாவது மாடி. முனிசிபல் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும், அதுவும் எங்கள் மாடிக்கு ஏறாது, கீழ்க்குழாயில் பிடித்துத் தூக்கி வர வேண்டும். ஆனால் மழைக்காலம் நான்கு மாதமும் எங்களுக்கு ராஜபோகம். மொட்டைமாடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் இருந்தது. படி வந்து முடியும் படிக்கூட்டின் தகரக் கூரையில் விழும் மழை குழாய் வழியாக அதில் இறங்கி, அங்கிருந்து எங்கள் குளியலறைக்கு வரும். அந்த டேங்க் எட்டு வருஷ வெயிலில் நின்று, சாம்பல் நிறமாகி, போன மழையில் மேல்பக்கம் விரிந்துவிட்டது.

போன டிசம்பரில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது கோடை விடுமுறை, அப்பாவும் நானும் தூக்குகிறோம். ஜூனில் பள்ளி திறந்தால் எனக்குக் காலை ஷிஃப்ட், ஆறரைக்கே கிளம்ப வேண்டும். அப்பாவுக்கு ஏழு மணி வண்டி. அதற்குப் பிறகு மிச்சத் தண்ணீரை யார் தூக்குவார்கள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அம்மா "நான்தான்" என்று சொல்லிவிடுவாள்.

புது டேங்க் வாங்க மற்ற வீட்டுக்காரர்கள் பணம் தரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கீழ் மாடிகளில் அவர்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் வருகிறது. இந்தச் சமயத்தில்தான் மாட்டுங்கா மார்க்கெட் அருகே டேங்க் விற்கும் அண்ணாச்சி, பழைய டேங்கைக் கொடுத்தால் அதை உருக்கிச் செய்த டேங்கையே தருவதாகச் சொன்னார். செலவில்லை என்பதால் எல்லோரும் சம்மதித்தார்கள். அவருடைய ஆள் வந்து ஒரு துண்டு வெட்டிப்போய், உருக்கிய கட்டியைக் காட்டினான். கறுப்பு அல்வா மாதிரி பளபளவென்று இருந்தது. மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் கடைசி முடிவெடுப்பதாக ஏற்பாடு. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இந்த வகைப் பிளாஸ்டிக்கை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம் என்று லைப்ரரிப் புத்தகம் சொல்கிறது. எட்டு வருஷம் வெயிலில் நின்ற பிளாஸ்டிக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அப்பாவைப் பிடுங்கியெடுத்து, முந்தின நாள் சனிக்கிழமை நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டோம். ஒரு துணிப்பையில் உடைந்த மூடியின் பாதியும், அந்த ஆள் வெட்டிய ஓட்டையின் விளிம்பிலிருந்து நான் அறுத்த ஒரு துண்டும்.

காலை ஒன்பது மணிக்குச் செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்கா. குர்லாவில் மாடிப்பாலம் ஏறி இறங்குவதற்குள் ஒரு வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்குப் பத்து நிமிடம் நின்றோம். அதற்குள் நான் மூன்று தடவை பையைத் திறந்து பார்த்துவிட்டேன். "ஓடியா போயிடும்? பேசாம நில்லேன்டி" என்றார் அப்பா.

மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. வாசலில் புது டேங்குகள் யானைக்குட்டிகள் போல வரிசையாக நின்றன. அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அப்பாவை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க சாமி. பாப்பாவையும் கூட்டியாந்திருக்கியளே, ஜாமீனுக்கா?"

"இவளுக்கு ஒரு சந்தேகம்" என்று அப்பா என்னை முன்னே தள்ளினார்.

"வெயில்ல கெட்டுப்போன டேங்க்கை உருக்கினா நல்ல டேங்க் வருமா அண்ணாச்சி?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட! உங்க டேங்க்கே குளிச்சு முழுகி, புது டேங்க்கா உங்க வீடு தேடி வரும்."

"குளிச்சு முழுகினா வயசு குறையுமா?"

கடைப்பையன்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்தது. "சாமி, இதை வக்கீலுக்குப் படிக்க வையுங்க. எனக்கு உருக்கத் தெரியாது தாயி, விக்கத்தான் தெரியும். தாராவியில மைதீன் பாய்னு ஒருத்தர், அவர்கிட்டதான் சரக்கு போவுது. நேரா போய் அவரையே கேளு. நான் அனுப்புனேன்னு சொல்லு, டீ கிடைக்கும்."

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்தோம். இருவருக்குமாக ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. தாராவியில் இறங்கி, சந்துக்குள் கால்மணி நேரம் நடந்தோம். தரையெல்லாம் ஈரம். இருபுறமும் உடைந்த வாளிகள், எண்ணெய் டின்கள், பொம்மைக் கைகால்கள் ரகவாரியாகக் குவிந்திருந்தன. தலைச்சுமையோடு வருகிறவர்கள் "பாஜூ! பாஜூ!", ஒதுங்கு ஒதுங்கு என்று கத்துவார்கள். உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நான் ஒட்டிக்கொண்ட சுவரில் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

மைதீன் பாய் காயல்பட்டினத்துக்காரர். அவருடைய பட்டறை ஒரே அறை. நடுவில் கையால் அழுத்தும் அச்சு மெஷின். அதில் சோப்பு டப்பாவும் தண்ணீர் மொள்ளும் மக்கும் செய்கிறார். மூலையில் அவருடைய அக்கா பாத்துமுத்து பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பெயரைச் சொன்னதும் டீ வந்தது. கேள்வியைச் சொன்னதும் மைதீன் பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பிளாஸ்டிக்குக்கு மவுத்தே கிடையாது சார். சாவு மனுசனுக்குத்தான். எங்க, குடுங்க அதை."

மூடியிலிருந்து ஒரு சில்லை உடைத்து வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார். சொட்டுச் சொட்டாக உருகி, அணைந்ததும் மெழுகுவத்தி வாசனை வந்தது. "பாத்தியளா! ஒண்ணாம் நம்பர் சரக்கு" என்றார்.

"தம்பி, நீ எல்லாத்தையும் ஒண்ணாம் நம்பர்னுதான் சொல்லுவே. போன மாசம் உன் மக்கு உடைஞ்சு சண்டைக்கு வந்தாளே ஒருத்தி, அதுவும் ஒண்ணாம் நம்பர்தானே?" என்றார் பாத்துமுத்து. சொல்லிக்கொண்டே மூடியைக் கையில் எடுத்தவர், உள்ளங்கையைப் பார்த்தார். சாம்பல் பூசியது போலிருந்தது. "இது என்ன சார், அடுப்புலயா வச்சிருந்திய?"

"செம்பூர்ல அப்படித்தான். ஆலைப் புகை" என்றார் அப்பா. நாங்கள் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அது. துணியில் கறை, ஜன்னலில் தூசி, எனக்கு இருமல், எல்லாமே ஆலைப் புகைதான்.

பாத்துமுத்து மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, மறுபடி தேய்த்தார். மறுபடியும் சாம்பல். இன்னொரு தடவை கழுவினார். அப்போதும் சாம்பல். அந்தத் தூள் வெளியிலிருந்து வந்து படியவில்லை. வெயிலில் வெந்து மூடியேதான் உதிர்ந்துகொண்டிருந்தது.

அப்பா மெதுவாகக் கேட்டார். "ஏண்டி ரமா, அம்மா வடாம் காயவைக்கறது இந்த மூடி மேலதானே?"

ஆமாம். வருஷா வருஷம். வடாத்தில் சாம்பல் ஒட்டினால் அம்மா ஆலையைத் திட்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அண்ணாச்சியின் ஆள் துண்டு வெட்ட வந்த அன்றைக்கும் மூடியின் மேல் வடாம். மடியாக இட்ட வடாத்தின் பக்கம் போகாதே என்று அம்மா அவனைத் துரத்தியதால்தான், அவன் சுவரை ஒட்டிய நிழல் பக்கத்தில், அரை உயரத்தில் வெட்டிக்கொண்டு போனான். நாங்கள் பார்த்த பளபளப்புக் கட்டி வெயிலே படாத இடத்துடையது! இதைச் சொன்னதும் பாத்துமுத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"எட்டு வருசமா டேங்க்கையே வறுத்துத் தின்னிருக்கியளே சார்! பொறவு அது ஓட்டையாகாம என்ன செய்யும்?"

மைதீன் பாய் தோற்க விரும்பவில்லை. மூடியைப் பொடியாக நறுக்கி மெஷினில் போட்டுச் சூடேற்றி, கைப்பிடியை இழுத்தார். சோப்பு டப்பா வந்தது. பார்வைக்குக் குறையில்லை. ஆறியதும் தரையில் போட்டார். அப்பளம் போல மூன்றாக உடைந்தது. சுவர்ப்பக்கத் துண்டில் செய்த டப்பாவைப் போட்டார். துள்ளி என் காலடியில் வந்து விழுந்தது. மூன்றாவதாக, ஒரு பிடி மூடிக்கு மூன்று பிடி நல்ல தானா சேர்த்தார். தானா என்றால் உருக்குவதற்கென்று நறுக்கிவைத்த பிளாஸ்டிக் மணிகள். அது உடையவில்லை. ஆனால் மேலெல்லாம் சொரசொரப்பு, அழுத்தினால் லேசாக வெளுத்தது.

"அப்போ டேங்க்?" என்று கேட்டேன்.

"சோப்பு டப்பா ஆகும், முறம் ஆகும், பூந்தொட்டி ஆகும். டேங்க்னா தண்ணி கனம் இருக்கு, மேல வெயில் இருக்கு." காதைச் சொறிந்துகொண்டார். "அண்ணாச்சிக்கு மாத்து டேங்க் செய்யுறவன் எங்கிட்டதான் தானா வாங்குறான். இதையும் அதையும் கலந்துதான் செய்வான். ஒரு மழைக்காலம் தாங்கும். ரெண்டாவது மழைக்கு நான் ஜவாப் இல்ல. ஆனா அந்த நிழல் பக்கம் இருக்கு பாருங்க, அதை மட்டும் அறுத்துக் கொண்டாங்க. நல்ல விலை தாரேன்."

திரும்பும்போது சயான் ஸ்டேஷனில் ஏறினோம், அதுதான் கிட்ட. குர்லா பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்க்கப் போகாமலே இருந்திருந்தால் ஜூனில் எங்களுக்கு ஒரு டேங்க் வந்திருக்கும். அப்பா துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "நிழல் பக்கம் அவ்வளவு நன்னா இருந்தா, அதை எதுக்கு உருக்கணும்?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒரு டேங்க் இருந்து, நீங்களும் போவதாக இருந்தால்: வெயில் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று என்று இரண்டு துண்டு கொண்டுபோங்கள். உருகுமா என்று கேட்காதீர்கள், எல்லாமே உருகுகிறது. உருகினபின் என்னவாக ஆகும் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பட்டறைகள் மூடியிருக்கும். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் ரயில், பஸ் எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. ஒரு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். டேங்கின் மூடிமேல் வடாம் காயவைக்காதீர்கள்.

மறுநாள் மீட்டிங்கில் இதுவரை உள்ளதை வாசித்தேன். செக்ரெட்டரியான கீழ்வீட்டு சேஷாத்ரி மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நன்னா எழுதியிருக்கே கொழந்தே. அப்போ அந்த மாத்து டேங்க் வேண்டாம். குப்பையை எதுக்கு மாடி ஏத்தணும்?"

படியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள். "ஒரு மழை தாங்கும்னா போறுமே மாமா. அந்த ஒரு மழையைத்தானே நான் கேக்கறேன்?"

நான் காகிதங்களை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். மீட்டிங்கில் வாயே திறக்காத அப்பா அப்போதுதான் திறந்தார். "டேங்க்கை யாருக்கும் குடுக்க வேண்டாம். நாங்க பாதியா அறுத்துக்கறோம்."

"தாராளமா அறுத்துக்கோங்கோ. யார் வேண்டாம்னா?" என்றார் மாமா.

திங்கட்கிழமை அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் ரம்பத்தை எடுத்தார். டேங்கின் கீழ்ப்பாதி இத்தனை வருஷமும் கைப்பிடிச் சுவருக்கும் படிக்கூட்டுக்கும் நடுவே மறைவில் இருந்திருக்கிறது. வெட்டிய ஓட்டைக்குச் சற்றுக் கீழே நான் சாக்பீஸால் கோடு போட்டேன். மேல்பாதி அறுக்க அறுக்கப் பொரியாக உதிர்ந்தது. கோட்டருகே வந்ததும் ரம்பம் சிக்கிச் சிக்கி நின்றது. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டினாலும் அது எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழ்ப்பாதியைப் படிக்கூட்டுக்குள்ளேயே நகர்த்தி வைத்து, மழைக்குழாயை அதில் திருப்பிவிட்டோம். பாதித் தண்ணீர்தான் பிடிக்கும். இரண்டு நாள் மழை விட்டால் காலியாகிவிடும். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒழுகுகிறதா என்று பார்க்க அப்பாவும் நானும் கீழிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினோம். மேலே வந்த அம்மா கையில் ஒரு சொம்பு. "இதுகூடத் தூக்கப்படாதா?" என்று கேட்டுவிட்டு அதையும் ஊற்றினாள். மூன்று பேரும் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரமாகியும் தரை காய்ந்தே இருந்தது. அம்மா குனிந்து, டேங்கின் அடியில் கையால் துழாவிப் பார்த்து, உள்ளங்கையை பல்புக்கு நேரே பிடித்தாள். ஈரமில்லை. சாம்பலும் இல்லை.

"ரமா, அந்த லைட்டை அணை" என்றாள்.

"ஏம்மா? இறங்கணுமே."

"தடவிண்டு இறங்கலாம். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தானே மத்தது கெட்டுது?"

பல்பு வெளிச்சத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டார்.