லாரிக்கு விசிறி மாட்டிய சந்திரமதி

சந்திரமதி வீட்டை விட்டுப் போனாள் என்பது உண்மைதான், அதை யார் மறுத்தார்கள்? புருஷனை விட்டுவிட்டுப் போனாள் என்பதுதான் பொய். அவள் வாசற்படி இறங்கியபோது அந்தப் புருஷன்தான் லாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இந்தத் தீவின் பத்துபஸ்திக் குடியிருப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். பார்த்த கண்ணுக்குக் கீழே இருக்கிற வாய்தான் இப்போது வேறு கதை சொல்கிறது.

போனவள் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று கேட்கிறார்கள். வடக்கே ரங்கத்தில் விசிறி மாட்ட அவள் கைக்காக லாரிகள் வரிசையில் நிற்கின்றன, அதனால் திரும்பவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். அதெல்லாம் வேண்டாம், நாக்குக்கு வேலை வேண்டும் என்றால், நடந்ததை முதலிலிருந்து கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அவள் புருஷன் ஆவுடையப்பன் குடித்துவிட்டுக் காட்டுக்குள் வண்டியை நிறுத்தினான் என்றார்களே, அங்கேதான் இந்தப் பேச்செல்லாம் தொடங்கியது. அவன் குடிக்கிறவனே இல்லை. வடக்கே போகிற லாரி எதுவானாலும் காட்டு வாசலான ஜிர்காடாங் கேட்டில் காத்திருந்து, போலீஸ் வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டிக் கான்வாயாகத்தான் அந்தப் பழங்குடிக் காட்டைக் கடக்க வேண்டும். முந்தக் கூடாது, நிறுத்தவும் கூடாது. முன்னால் போகிறவன் எறும்பாய் ஊர்ந்தால் பின்னால் போகிறவனும் ஊர வேண்டியதுதான். அன்றைக்கு ஏற்றத்தில் அப்படித்தான் ஊர்ந்தார்கள். ஆவுடையப்பனுடைய லாரியில் விசிறி எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் மெதுவானால் விசிறியும் சோம்பிவிடும். ரேடியேட்டர் கொதித்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. அவன் நிறுத்தினான். நிறுத்தியிருக்காவிட்டால் எஞ்சினே போயிருக்கும். ஆனால் அவனுக்குப் பின்னால் அத்தனை வண்டிகளும் நின்றுவிட்டன.

அதற்கப்புறம் அவன் டாக்சி ஸ்டாண்ட் பக்கம் போனால் ஒருவன் இல்லாவிட்டால் ஒருவன் கேட்பான்: "ஆவுடை பாய், சாய் பன் கயா க்யா?" டீ ஆகிவிட்டதா என்று அர்த்தம். லாரிக்குக் கெட்டில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதையாவது சிரித்துத் தள்ளலாம். ரங்கத்துக்குக் காய்கறி அனுப்புகிற ஜெய்னுதீன் பாய் லோடு தருவதை நிறுத்தியதைத் தள்ள முடியவில்லை.

"ஆவுடை, உன் மேல எனக்குக் கோவமில்ல," என்றார் அவர். "நீ காட்டுக்குள்ள நின்னுட்டா தக்காளி என்ன பண்ணும், நீயே சொல்லு."

லாரி வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே ஆவுடையப்பன் சொன்னான்: "வித்துரலாம்ட்டி."

சந்திரமதி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "விக்க வேண்டாம். வண்டிக்குக் காத்து பத்தல. காத்து என் வேல."

பொய் சொல்லவில்லை அவள். கல்யாணமாகிக் கப்பலேறி இந்த ஊருக்கு வந்த வருஷமே மின்னி பே கடலோரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் சேர்ந்தவள். செத்துப்போன சீலிங் பேனைக் கொண்டுவந்து போட்டால் எரிந்த கம்பியை உருவியெறிந்து, புதுக் கம்பி சுற்றி, உயிர் கொடுத்து அனுப்புவாள். பத்துபஸ்தியில் சுற்றுகிற விசிறிகளில் அவள் விரல் படாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் உட்கார்ந்து பேசுவதும் அந்த விசிறிக்குக் கீழேதான்.

காயலான் கடையில் ஒரு பழைய ஏசி பஸ் கிடந்தது. அதன் கூரையிலிருந்து இரண்டு கரண்ட் விசிறிகளைக் கழற்றி வந்தாள். உப்புக்காற்றில் இறுகிக்கிடந்த அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து சுற்றவைத்தாள். எஞ்சின் ஓடினாலும் ஊர்ந்தாலும் இவை தம் வேகத்தில் சுற்றும். ரேடியேட்டரில் ஒரு சூட்டு சுவிட்சைப் பொருத்திவிட்டால், தண்ணீர் சூடானதும் தானாக ஓடும், ஆறியதும் நிற்கும்.

விசிறியைப் பொருத்த வந்த மெக்கானிக் பழனிசாமி குனிந்து பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட் இருக்காதும்மா, தேடாத. இந்த ஊர்ச் சூட்டுக்கு அது எதுக்குன்னு நான்தான் அப்பவே கழட்டிப் போட்டேன்," என்றார்.

"பிரிட்ஜிலயும் கழட்டிப் போட்டுருவீங்களா அண்ணே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர்ப் பாதையில் இருக்கிற சின்னக் கதவு அது. சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும், குறுக்குப் பாதையையும் அடைக்கும். கதவு இல்லாததால் பாதிச் சுடுதண்ணீர் ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பழனிசாமியே போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். பழைய விசிறியைக் கழற்றியதும், புதியவற்றை ரேடியேட்டருக்குப் பின்னால் முறுக்கிப் பூட்டியதும் அவர் கை. ஒயர் எல்லாம் அவள் கை. உப்பு செம்பைத் தின்றுவிடக் கூடாது என்று ஒவ்வொரு முனையிலும் கிரீஸ் அப்பினாள்.

எஞ்சினை ஓடவிட்டார்கள். ஒரு உலை கொதிக்கிற நேரம் போனதும் டிக்கென்று சத்தம் கேட்டு, விசிறிகள் இரண்டும் கிளம்பின. சந்திரமதி லாரியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றாள். காற்று முகத்தில் அடித்து முடியைக் கலைத்தது.

"இது காத்து," என்றாள். "இனிமே இது கொதிச்சா நான் பேர மாத்திக்கிடுதேன்."

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாவியை எடுத்த பிறகும் விசிறிகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "பூட்டுன லாரி மூச்சு விடுது, நல்லதுக்கா இது?" என்று தெரு முழுக்கச் சொன்னவளும் அவள்தான்.

மணல் ஏற்றிக்கொண்டு வண்டூர் கடற்கரை வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். நின்ற இடத்தில் அடக்கமாக இருந்த, சூடு காட்டுகிற முள், வண்டி ஓட ஓட ஏறியது. இதற்கு முன்னால் ஓடினால் ஆறும், ஊர்ந்தால்தான் சுடும். இப்போது தலைகீழ். கடற்கரை வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஆவுடையப்பன் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இறங்கி லாரிக்கு முன்னால் வந்து நின்றாள். முதுகில் கடற்காற்று சில்லென்று அடித்தது. முகத்தில் விசிறிக் காற்று அனலாய் அடித்தது. இரண்டு காற்றும் அவளை நடுவில் வைத்து முட்டிக்கொண்டன. பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, நான் ஒரு மடச்சிங்க."

"அதச் சொல்லவாட்டி வண்டூர் வரைக்கும் வந்தோம்?"

"வீட்டு விசிறின்னா காத்து நம்ம மூஞ்சில அடிக்கணும். அதே நெனப்புல மாட்டிட்டேன். இது நம்மள ஆத்தவா இருக்கு? எஞ்சின ஆத்தணும். வெளிக்காத்து உள்ள வரப் பாக்குது, நான் வாசல்ல நின்னு வெரட்டுதேன்."

இத்தனை வருஷமாக முகத்தில் படுகிற காற்றை வைத்தே விசிறியைச் சோதித்தவள். அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது. எஞ்சின் ஆறியதும் அங்கேயே இரண்டு விசிறிக்கும் ஒயரை இடம் மாற்றி, எதிர்ப்பக்கமாகச் சுற்றவைத்தாள். மறுபடி ஓடவிட்டு, துப்பட்டா நுனியை முன் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது பல்லி மாதிரிப் போய் ஒட்டிக்கொண்டது. திரும்பி வருகிற வழியில் முள் நடுவில் படுத்தது, வீடு வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

செய்த தப்பைத் தெருக் குழாயடியில் அவளே சொன்னாள். மறைக்கத் தெரியாதவள். அதைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. "புதுப் பேர் என்ன வெச்சிருக்க?" என்று பொன்னம்மா கேட்டாள். "இன்னும் யோசிக்கேன் மைனி, நல்லதா ஒண்ணு சொல்லுங்க," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தப்பு ஜெய்னுதீன் பாய் காதுக்கும் போயிருந்தது. ஆவுடையப்பன் அவர் கடையில் தலைகுனிந்து நிற்க, கூட வந்த சந்திரமதியைத்தான் அவர் பார்த்தார்.

"ஏத்துறேன்மா. மறுபடி கொதிச்சா நான் யார்ட்ட கேக்குறது?"

"என்ட்ட கேளுங்க பாய். கூடவே நானும் போறேன்."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தான். கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கேட்டான். "எங்கட்டி உக்காருவ? அந்த சீட்டுல தண்ணிக் கேனுல்ல இருக்கு?"

அது நிஜம். ரேடியேட்டருக்கு ஊற்றுவதற்கென்று பக்கத்து சீட்டு முழுக்கக் கேன்களை நிறைத்துக்கொண்டு, அவற்றுக்குக் கயிறும் கட்டிக்கொண்டுதான் அவன் இதுவரை காட்டைக் கடந்திருக்கிறான்.

போகிற நாள் வந்தது. விடிந்திருந்தது, லாரியில் காய்கறி ஏறியிருந்தது. சந்திரமதி கயிற்றை அவிழ்த்துக் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கி மதிலோரம் வைத்தாள்.

"ஒண்ணாவது இருக்கட்டும்ட்டி," என்றான் ஆவுடையப்பன்.

"குடிக்க பாட்டில் இருக்கு. ஒரு கேன் இருந்தாலும் உங்க கண்ணு ரோட்ட பாக்காது, அதத்தான் பாக்கும்."

அவன் கேனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சுற்றி வந்து லாரியின் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

அவள் உள்ளே போய் முகம் கழுவி, சோற்றுப் பாத்திரமும் ஒயர் வெட்டுகிற குறடும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மதிலுக்கு மேலே பொன்னம்மாவின் தலை தெரிந்தது.

"எங்கடி கெளம்பிட்ட?"

"ரங்கத்துக்கு மைனி. கேன்ல நல்ல தண்ணி இருக்கு. உங்க கத்தரிச் செடிக்கு ஊத்திக்கிடுங்க."

வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வாசற்படி இறங்கினாள் சந்திரமதி.