தெரியாது என்று சொன்ன அப்பா

எங்கள் அப்பாவுக்குச் சிற்பம், கல்வெட்டு, பல்லவ ராஜா எதிலும் ஈடுபாடு கிடையாது. காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனாலும் கைலாசநாதர் கோயிலுக்குச் சிவராத்திரியன்று மட்டும் போவார்; கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் டிவி முன்னால் தூங்குவது அவர் வழக்கம். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு காலையில், "ராஜா ஆண்ட ஊர்ல பொறந்துட்டு நம்ம கோயிலுங்கள நாமே பாக்காம இருந்தா எப்படி?" என்று கேட்டால் யாருக்குத்தான் பொறி தட்டாது? எனக்கு அப்போது எட்டு வயது. சந்தேகப்படுவதில் அந்த வயதிலேயே நான் கெட்டிக்காரி.

கல்லைப் பார்க்கப் போகிற அத்தைக்கு எதற்குப் பட்டுப்புடவை? அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள், பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டாள். எனக்குத் தொட்டுப் பார்க்கக்கூடக் கிடைக்காத சங்கிலி அது. அப்பா கையில் ஒரு ஸ்வீட் பாக்கெட் இருந்தது. அதைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த வாரம் முழுக்க அத்தை அவரிடம், "ஒரே ஒரு வருசம்ணா, படிப்ப முடிச்சிடறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததும், அவர் "பாக்கலாம்" என்றதும் என் காதில் விழுந்திருந்தன. எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் கிடையாது என்று அர்த்தம்.

செவிலிமேட்டிலிருந்து ஆட்டோ பிடித்து முதலில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். சுற்றுச்சுவர் முழுக்க ராஜாக்கள் முடிசூடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். இத்தனை ராஜா இருந்தால் அரண்மனை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் போயிடுச்சும்மா" என்றார் அப்பா. சொன்னவர் சுவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் வழியாக மூன்று பேர் வந்தார்கள். வாட்டசாட்டமான ஓர் அம்மாள், கையில் பெரிய பை. பின்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். அவருக்கும் பின்னால், மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில் ஓர் ஆள். மூவரும் ஒரு ராஜாவைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் அத்தையின் கழுத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், நடையைப் பார்த்தாள். சங்கிலி அறுக்கிறவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் எச்சரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. கைலாசநாதர் கோயிலில் நாங்கள் இறங்கிப் பத்து நிமிஷத்தில் அதே மூன்று பேர் ஒரு வெள்ளைக் காரிலிருந்து இறங்கினார்கள். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அது பெண் பார்க்கும் படலம் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவர்கள் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருப்பவர்கள். அதற்கு முன் இரண்டு இடத்துக்காரர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான். தெருவே துக்கம் விசாரித்தது. ஆகவே இந்த முறை கோயிலில் தற்செயலாகப் பார்ப்பது, பிடித்தால் அங்கேயே பேசி ஸ்வீட்டைப் பிரிப்பது, பிடிக்காவிட்டால் யாரோ எவரோ என்று கலைந்துவிடுவது என்று ஏற்பாடு. அதுவரை ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இது எனக்கு மட்டும்தான் சொல்லப்படவில்லை.

கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து, சுற்றி, தவழ்ந்தே வெளியே வர வேண்டும். வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். பட்டுப்புடவை பாழாகும் என்று அம்மா தடுத்தும் கேளாமல் அத்தை என்னை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இருட்டில் நின்று என் காதருகே குனிந்தாள்.

"பாப்பா, அந்தம்மா காலையிலேர்ந்து என் சங்கிலியையே பாத்துக்கினு இருக்குது. நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். என் சந்தேகத்தை மதித்த முதல் பெரிய மனுஷி அவள்.

"எனக்குப் பயமா இருக்குதும்மா. வெளிய காவல்காரர் ஒருத்தர் குந்திக்கினு இருந்தாரு இல்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். வெளியே வந்ததும் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். காவல்காரருக்கும் நாளெல்லாம் சிங்கத் தூண்களைப் பார்த்து அலுத்திருக்க வேண்டும். விசிலை ஊதிக்கொண்டே வந்துவிட்டார். "இன்னாம்மா, பையில இன்னா?" என்று அந்த அம்மாளை அதட்டினார். பைக்குள் மல்லிகைப் பூவும் வெற்றிலை பாக்கும் இருந்தன. இவர்கள் இந்தக் குடும்பத்தின் பின்னாலேயே வருவதாகப் புகார் என்றார். அந்த அம்மாள் முகம் சிவந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். காவல்காரரும் அப்பா பக்கம் திரும்பி, "சார், இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து தெரியாதவர்போல நடித்து நடித்து அப்பாவுக்கு அது நாக்கிலேயே நின்றுவிட்டது. "தெரியாதுங்க" என்றார்.

சொன்ன மறுகணமே தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் வேட்டிப் பெரியவர், "வாடா போலாம்" என்று மகனைக் கூப்பிட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்துவிட்டார். அப்பா பின்னாலேயே ஓடிப் பார்த்தார், பிரயோஜனம் இல்லை. அம்மா அங்கேயே, நந்திக்கு எதிரில் வைத்தே, என்னை ஓர் அறை விட்டாள். எனக்கு வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். சங்கிலியைக் காப்பாற்றியவளுக்கு இதுவா மரியாதை?

திரும்பும்போது ஆட்டோவில் அப்பாவும் அம்மாவும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் என் சிவந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் ஸ்வீட் பாக்கெட்டைக் கேட்காமலேயே எடுத்துப் பிரித்தாள். முதல் மைசூர்பாகு எனக்கு. அடிபட்ட குழந்தைக்கு ஆறுதல் என்று அம்மாவும் விட்டுவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் வேறு வரன் எதுவும் அமையவில்லை. அத்தை பி.எட். முடித்தாள். இப்போது ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமும் பிறகு அவள் கேட்டபடியே நடந்தது. அன்று அப்பாவை, பையை, வெள்ளைக் காரை, ஸ்வீட் பாக்கெட்டைக்கூட நான் சந்தேகப்பட்டேன். இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளைச் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.