பழைய டெஸ்க்டாப்பைத் துடைத்தெறிந்த ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு லேப்டாப் இருட்டிவிட்டது. கறுப்புத் திரை, மூலையில் மினுக்கும் ஒரு கோடு... அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு என் மனைவி ரஹ்மத்தின் ஆன்லைன் தமிழ் வகுப்பு. கொச்சி மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பதினோரு பேர். வீட்டில் தமிழ் பேசுவார்கள். வாசிப்பது என்னவோ மலையாளம்தான். அன்றைக்கு முதன்முறையாக, பெற்றோர் முன்னால், சொந்தமாகத் தமிழில் எழுதியதைப் படிக்கப் போகிறார்கள்.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எங்கள் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். அதிலிருந்த டெஸ்க்டாப், அதாவது ஐகானும் மெனுவும் காட்டும் முகப்பு, இந்தப் பழைய மெஷினுக்குக் கனம். வீடியோ கால் வந்தாலே திணறும். எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்புக்கு மாறினேன் — பறந்தது! ஆனால் பழையதும் உள்ளேயே இருந்ததால் எல்லாம் இரண்டிரண்டு. "எந்த செட்டிங்ஸைத் திறக்கணும்?" என்று ரஹ்மத் தினமும் கேட்டாள். சரி, பழையதை நீக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாக ஒரு பட்டியல் காட்டி, சம்மதமா என்று கேட்டது. வாசிக்காமலே, ஆமாம் என்பதற்கான 'ஒய்' தட்டினேன். ரீஸ்டார்ட் செய்தேன்.

அப்புறம்தான் இருட்டு.

"எந்தா பண்ணி வச்சிருக்கீங்க?" சாயாவோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஒண்ணுமில்ல... கொஞ்சம் சுத்தம் பண்ணேன்."

"வகுப்பு இருக்கிற நாள்லயா?"

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று — மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். வெறும் எழுத்துத் திரை வந்தது. பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய், நீக்கியவற்றின் பதிவைத் திறந்தேன். பயத்தில் எனக்கு ஒரு வரியும் ஏறவில்லை. ரஹ்மத் நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இது எதுக்கு? இது? ...இதோ, இது?"

அந்த மூன்றாவதுதான்! பாஸ்வேர்ட் கேட்கும் லாகின் திரையே பழைய டெஸ்க்டாப்போடு சேர்ந்து போயிருந்தது. புது டெஸ்க்டாப் பத்திரமாகத்தான் இருந்தது. உள்ளே போக வாசல் இல்லை.

மொபைலைக் கேபிளில் இணைத்தேன், நெட் கிடைத்தது. சின்ன லாகின் புரோகிராம் ஒன்றை இறக்கினேன். மறுபடி ரீஸ்டார்ட். மூச்சை அடக்கிக்கொண்டோம்.

வந்தது! எல்லாம் ஒன்றே ஒன்று. ஒரே ஒரு செட்டிங்ஸ். மணி மூன்று ஐம்பது.

வகுப்பு ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. பத்து வயது அஸ்னா, வைப்பின் தீவுக்குப் படகில் போனதைப் பற்றி நான்கு வரி வாசித்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாத அவள் வாப்பா எழுந்து நின்று கைதட்டினார். ரஹ்மத் கேமராவைவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சம்மதமா என்று கேட்கும் பட்டியலை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? இப்போது எங்கள் வீட்டில் வாசிக்கிறோம். ரஹ்மத் சத்தமாக வாசிப்பாள். அவள் தலையாட்டினால்தான் நான் 'ஒய்' தட்டுவேன்!