ஏழு அடி

இன்று காலை பக்கத்து வீட்டார் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொளுத்தினார்கள். மூன்று யன்னல்களையும் சாத்திவிட்டேன். நாற்றம் போகவில்லை.

இலங்கையில், கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களை வேலை வாங்கும் கங்காணி அப்பா. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வேலைக்குப் பிந்தி வந்ததற்காகத் தொழிலாளி கறுப்பையாவைப் பிரம்பால் அடித்தார். ஏழு அடி. முதுகு கிழிந்து இரத்தம் வழிந்தது.

அடுத்த வாரம் காமன் கூத்து. சிவன் மன்மதனை எரிப்பதற்காக ஆண்டுதோறும் புல்லால் ஒரு பொம்மை கட்டுவார்கள். அந்த ஆண்டு சிவன் வேடம் கறுப்பையாவுக்கு. சாம்பல் பூசிய முதுகில் காயங்கள் அப்படியே தெரிந்தன. பொம்மையோ, அப்பாவின் காணாமற்போன கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தது.

"கங்காணியாரே, உங்க கோட்டு மன்மதனுக்கு அளவா இருக்குங்க," என்றார் கறுப்பையா. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு தடியால் பொம்மையை அடிக்கத் தொடங்கினார். கை பிய்ந்தது, தலை தொங்கியது. அடுத்தது அப்பாதான் என்று பயந்து, பக்கத்தில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் சத்தமாக எண்ணியது. ஏழாவது அடியோடு கறுப்பையா தடியை எறிந்துவிட்டுத் தீ வைத்தார்.

"சரியா எண்ணுனோமுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

கறுப்பையா அடிபட்ட அன்று அந்த அடிகளை எண்ணியவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போது பக்கத்து வீட்டு நெருப்பு அணைந்து ஒரு மணி நேரமாகிறது. யன்னல்களைத் திறக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.