நைனாவுக்கு எழுதிய இங்கிலீஷ் கடிதம்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பொன்னேரிக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்த முதல் பெண் நான்தான் என்று எங்கள் வீட்டில் இன்றும் பீற்றிக்கொள்வார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. போனவளைக் கேட்டால் கதை வேறு. என் பெட்டியில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று முதல் வாரமே எவளோ சொல்லிவிட்டாள். அதிலிருந்து சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. நாற்பது பெண்களுக்கு நடுவே நான் தனியாகத்தான் இருந்தேன்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, வீட்டார் வந்து பார்க்கலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். அவருக்குச் சட்டை போடும் பழக்கம் இல்லை. தோளில் துண்டு மட்டும். படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கேட்டுக்கு வெளியே நின்றே, "இன்னா பாப்பா, துன்னியா? எளச்சிக்கீறியே!" என்று ஒரு குரல் கொடுப்பார். மாடியில் பெண்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்ததும் ஆறிவிடும்.

விடுதியில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்கு எழுதும் கடிதம் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். அந்த வாரம் படித்த வார்த்தைகளும் அதில் வர வேண்டும். இங்கிலீஷ் மிஸ் சிவப்பு மையில் திருத்தி, அவரே தபாலில் போடுவார்.

ஒரு வாரம் மிஸ் கரும்பலகையில் எழுதியவை ஷை, எம்பாரஸ்ட், அஷேம்ட். புதியவர்கள் முன்னால் பேச்சு வராவிட்டால் ஷை. பத்துப் பேர் பார்க்க வழுக்கி விழுந்தால் எம்பாரஸ்ட். தலைகுனிவு வந்தால் அஷேம்ட். எங்கள் குப்பத்தில் இத்தனைக்கும் சேர்த்து வெக்கம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டே காலம் தள்ளினோம். வெள்ளைக்காரன் வெட்கத்தைக்கூட மீனைப்போலத் தரம் பிரித்து வைத்திருக்கிறானே என்று எனக்கு ஒரே வியப்பு.

சொந்த அனுபவத்திலிருந்து எழுதச் சொன்னார் மிஸ். எனக்கு நைனாதான் கிடைத்தார். அவர் சட்டையில்லாமல் வருவதால் நான் எம்பாரஸ்ட். கேட்டில் நின்று கத்துவதால் அஷேம்ட். கொஞ்சம் நிஜம், மீதி மார்க்குக்காக. மிஸ் ஓரத்தில் 'குட்' என்று போட்டார். நான் வாங்கிய முதல் குட்.

ஏரியில் பிடிக்கும் எறாவை எடைபோட வரும் குமாஸ்தாதான் என் கடிதங்களைக் கரையில் நின்று படித்துப் பொருள் சொல்வார். நைனா ஊரையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சிவப்பு மை 'குட்'டைப் பார்த்து அவர் பூரித்துப்போவார் என்றுதான் நினைத்தேன். பத்து வயதுப் புத்தி.

அடுத்த முறை நைனா வரவில்லை. சித்தப்பா வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் அவருக்கு வேலை. பேண்ட், சட்டை, கைக்கடிகாரம். தூக்கில் நண்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார்.

"நைனா எங்க?"

"ஏரிக்குப் போய்க்கீறாரு பாப்பா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறு மாதமும் அவரேதான். நைனாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்டேன். "சேச்சே, உம்மேல இன்னா கோவம்? நீ படி" என்றார். மாடியில் யாரும் சிரிக்கவில்லை. உன் சித்தப்பா டீசன்ட் என்று ஒருத்தி வந்து சொன்னாள். அன்று குழம்பை நான் தொடவே இல்லை.

மூன்றாம் மாதம் சித்தப்பா கிளம்பியதும் மாடி ஜன்னலுக்கு ஓடினேன். எதிரே பஸ் நிற்கும் இடம். அங்கிருந்த டீக்கடைத் தட்டிக்குப் பின்னாலிருந்து நைனா வெளியே வந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. அவர் ஏதோ கேட்க, சித்தப்பா கையை உயர்த்தி என் வளர்த்தியைக் காட்டினார். நைனா மாடியை நிமிர்ந்து பார்த்தார். என்னைக் கண்டுவிட்டார். வாயைத் திறந்தவர், சுற்றிலும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மெல்லக் கையை மட்டும் தூக்கினார்.

எதிர்ப்பக்கம் வரைக்கும் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கதவைப் படாரென்று சாத்திவிட்டுத் திரும்பி நின்று அழுதேன். என் கடிதம் அப்போது எனக்கு மறந்தே போயிருந்தது. தூக்கிய கையோடு அந்தச் சாத்திய கதவைப் பார்த்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார் என்பது எனக்குத் தெரியவில்லை.