பட்டறைக்குள் காற்று

அந்தக் கொட்டகையை என் கணவர் தம் கையாலேயே கட்டினார். மலாயாவில், லாபிஸ் ஊரில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை ஒட்டி, ஒரு மோட்டார் கார் நிற்கவும் அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்கவும் போதுமான இடம். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கும் வேலை போயிற்று. வண்டியை ஓட்டுவதைவிடப் பிரித்துப் பூட்டுவதுதான் அவருக்கு நன்றாக வரும். ஆகவே பட்டறை போட்டார். கூரைக்குப் பழைய தகரம், சுவருக்குப் புதுப் பலகை. திருட்டுக்கும் சாரலுக்கும் பயந்து பலகைகளை நெருக்கி அடித்தார். தரையிலிருந்து தகரம் வரைக்கும் ஒரு விரல் இடுக்கு கிடையாது. வேலை முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "ஒரு கொசு உள்ள வரட்டும், பாப்போம்" என்றார். நானும் பெருமையாகத்தான் பார்த்தேன். கொசு வராத இடத்தில் வேறு எதுவும் வராது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் பெரிய வேலையாகப் பக்கத்து ஊரான பெக்கோக்கிலிருந்து ஒரு மரக்கடைக்காரரின் கார் வந்தது. என் கணவர் அதன் எஞ்சினைத் திறந்து, பாகங்களைச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். பட்டறைக்கு இருந்த ஒரே வாசல் தெருப்பக்கத்து இரட்டைக் கதவு. காரை உள்ளே விட்டதும் அந்த வாசலும் அடைந்துபோயிற்று. பகல் பதினோரு மணிக்கெல்லாம் தகரம் சடசடவென்று சத்தம் போடும். ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கப் போய், சூடு தாங்காமல் கீழே போட்டிருக்கிறேன். டியூப் ஒட்டுகிற பசை டப்பாவுக்குள்ளேயே இறுகிப்போனது.

வண்டியை வெளியே தள்ளி வைத்துச் செய்யலாமே என்றேன். எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு லாபிஸ் மழையை நம்ப முடியாது என்றார். அதுவும் நியாயந்தான். அவர் சொன்னால் எனக்கு எல்லாம் நியாயமாகத்தான் படும், பிறகு அடுப்படியில் நின்று யோசிக்கும்போது இல்லையோ என்று தோன்றும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். காருக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. கூப்பிட்டேன். பதில் இல்லை. வேலையில் மும்முரமாக இருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பி இரண்டடி நடந்துவிட்டேன். அந்த இரண்டடி எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. ஏனோ மனம் கேட்காமல் மறுபடி குனிந்து காலைத் தொட்டேன். காய்ந்த விறகு போல இருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

பிரசவத்துக்கு உதவியாக வந்து எங்களோடு தங்கியிருந்த அவருடைய அக்காவும் நானும் ஆளுக்கொரு காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் என் கணவர் கண் திறந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொடுக்கும் டிரசர் வந்து பார்த்தார்.

"சூடு ஏறிப்போச்சு. குளிர்ச்சியா வச்சிக்கிங்க. இன்னொரு தடவ இப்படி விழுந்தா எந்திரிப்பாருன்னு நான் உறுதி சொல்லமாட்டேன்" என்றார் என்னிடம்.

குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். இடுப்பில் அவளை வைத்துக்கொண்டே அதைக் கேட்டேன். டிரசர் அந்தப் பக்கம் போனதும் அண்ணி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கேட்டியா? சூடாம். வாரத்துல மூணு நாளு கருவாடு, மிச்ச நாளு கத்திரிக்கா. சூடு ஏறாம என்ன ஏறும்?" என்றார்.

எனக்கு அது அப்படியே உறைத்துவிட்டது. சூடு என்றால் உடம்புச் சூடு, குளிர்ச்சி என்றால் குளிர்ச்சியான சாப்பாடு. வேறு மாதிரி அந்த வார்த்தைகளை நாங்கள் கேட்டதே இல்லையே. அவரை நான்தான் சமைத்துப் போட்டுக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று அழுதேன். மறுநாளிலிருந்து வெந்தயக் கஞ்சி, மோர், இளநீர், வெள்ளரி. சனிக்கிழமை மட்டுமல்ல, புதன்கிழமையும் எண்ணெய்க் குளியல். ஒரு வாரம் வாய் திறக்காமல் சாப்பிட்டவர் எட்டாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, எனக்குப் பிரசவம் ஆச்சா, உனக்கா?" என்று கேட்டார்.

அதற்குள் நான் வேறொன்றைக் கவனித்திருந்தேன். பாலைத் தவிர வேறொன்றும் சாப்பிடாத என் மகளைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால், அவள் முகமும் செக்கச் சிவந்து போகிறது. இவள் எந்தக் கருவாட்டைத் தின்றாள்? சூடு தட்டில் இல்லை, தகரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்த கையோடு தப்பும் செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள் நான். இந்தியாவில் வடக்கே வெயில் காலத்தில் வாசலில் ஈரத் தட்டி கட்டித் தொங்கவிடுவார்கள், வீடு குளிர்ந்துவிடும் என்று ஒரு பாடம் இருந்தது. அதை நம்பி, அவரையும் கேட்டுக்கொண்டு, சாக்குகளைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பட்டறைக் கதவிலும், உள்ளே பலகைச் சுவர் நெடுகிலும் தொங்கவிட்டேன். அண்ணியும் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் சுமந்தார். ஒரு மணி நேரம் கழித்து என் கணவர் சட்டையெல்லாம் ஒட்டிப்போய் வெளியே வந்தார்.

"அக்கா, தம்பி இட்லியா வெந்துட்டான். ரெண்டு பேரும் சட்னி அரைச்சிட்டீங்களா?"

சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் அங்கேயே வாந்தி எடுத்தார். காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் ஈரச் சாக்கு என்ன செய்யும்? வடக்கே எப்படியோ, இங்கே அது இட்லிப் பானைதான். பாடப் புத்தகத்தில் ஊர்ப் பெயரைப் படித்த நான், அந்த ஊர் இது இல்லை என்பதை மட்டும் படிக்கவில்லை. அன்று அவர் மயங்கி விழவில்லை. ஆனால் டிரசர் சொன்ன அந்த "இன்னொரு தடவை" எங்கள் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டுப் போயிற்று. என் கையாலேயே அதை அழைத்து வந்தேன்.

தலைவலியும் வயிற்றுப் பொருமலுமாக அவர் படுத்துவிட்டார். எதிரில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு மலாய்க்காரப் பெண்மணி குடியிருந்தார். மாக்சிக் என்று கூப்பிடுவோம். சித்தி என்பது போல. அவர் கேள்விப்பட்டு வந்து, இவர் வயிற்றின் மேல் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு, "மாசோக் ஆங்கின்" என்றார். இரண்டு முறை, எனக்குப் புரியட்டும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் வருவதாகக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

எனக்கு மலாய் கொஞ்சந்தான் தெரியும். ஆனால் இந்த இரண்டு வார்த்தைகளும் தெரியும். மாசோக் என்றால் நுழைவது. ஆங்கின் என்றால் காற்று. நம் பேச்சில் நுழைந்தது, நுழைகிறது, நுழையட்டும் என்று வார்த்தையின் வாலைப் பார்த்தே காலம் தெரிந்துவிடும். அவர்கள் வார்த்தைக்கு அந்த வால் இல்லை. காற்று நுழையட்டும் என்று அவர் எனக்கு வழி சொல்லிவிட்டுப் போனதாகவே எடுத்துக்கொண்டேன்.

வாசலில் நின்று அவருடைய வீட்டைப் பார்த்தேன். கால்களின் மேல் நிற்கும் வீடு. தரைப் பலகைகளுக்கு நடுவே இடுக்கு. சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில் சுற்றிலும் கை நுழைகிற திறப்பு. எத்தனை மாதமாக எதிரே பார்த்துக்கொண்டிருந்த வீடு! எங்கள் அடுப்படிக் கதவைச் சாத்தினால் புகை கூரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், கதவைத் திறந்தால் மேலே ஓட்டை வழியாகப் போய்விடும் என்பதும் நினைவுக்கு வந்தது. கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி. அவ்வளவுதான்.

ஆனால் என் கணவருடைய பலகை. அவர் கையால் நெருக்கி அடித்தது. கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் செய்தால் அதுவும் தப்பு. சாக்கு விஷயத்தில் கேட்டுத்தான் செய்தேன், என்ன ஆயிற்று? விடியும்வரை இப்படியே இரண்டு பக்கமும் எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் குழந்தையை அண்ணியிடம் கொடுத்தேன்.

"என்ன செய்யப்போற?"

"பின்பக்கச் சுவர்ல மேல ரெண்டு பலகையும் கீழ ரெண்டு பலகையும் எடுக்கப்போறேன் அண்ணி."

"அவன் எந்திரிச்சு வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றார் அண்ணி. ஆனால் ஆணி பிடுங்கும் சுத்தியல் எங்கே இருக்கிறது என்பதை அவர்தான் காட்டினார்.

கீழ்ப் பலகைகள் சுலபமாக வந்துவிட்டன. மேலே எட்ட, எண்ணெய் டிரம்மின் மேல் ஏறி நின்றேன். ஒவ்வோர் ஆணியும் கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி கத்தியது. மூன்றாவது பலகை கழன்று விழுந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"எவன்டா அது, என் பலகையப் பிடுங்குறது?"

ஒரு கையில் சுத்தியலோடு நான் டிரம்மின் மேல் நிற்பதைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா! இவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடா" என்றார் அண்ணி, சொன்ன வாக்குத் தவறாமல்.

"மாக்சிக் சொன்னாங்க. காத்து உள்ள வரணுமாம். நீங்க திட்டுறதுன்னா திட்டிக்கிங்க. மறுபடியும் உங்க காலப் பிடிச்சு இழுக்க என்னால முடியாது" என்றேன். டிரம்மிலிருந்து எப்படி இறங்குவது என்றுதான் தெரியவில்லை.

அவர் திட்டவில்லை. உள்ளே வந்து, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பிறகு மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்து, காருக்குப் பக்கத்தில் நின்று புகையை விட்டார். நோயாளிக்குப் பீடியா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் தயங்கி நின்று, வளைந்து, மேலே நான் பிடுங்கிய இடத்தை நோக்கிப் போயிற்று. இன்னொரு முறை விட்டார். அதுவும் போயிற்று.

"எதிர்ப்பக்கம் மேலயும் ஒண்ணு எடுத்துட்டா இன்னும் வேகமாப் போகும்" என்றார், ஏதோ கார்புரேட்டரைப் பற்றிச் சொல்வது போல. "கோழிக்கூட்டுக் கம்பி வலை கெடக்குல்ல? அத அடிச்சிட்டாத் திருட்டுப் பயம் இல்ல."

அப்போதுதான் மாக்சிக் ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தார். பிய்ந்து கிடந்த சுவரையும், அதன் எதிரே சட்டையில்லாமல் நின்ற நோயாளியையும் பார்த்தார்.

"அலமாக்!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. துரையின் காரோடு ஊரெல்லாம் சுற்றியதால் என் கணவருக்கு நல்ல மலாய் தெரியும். கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரின் மேல் சாய்ந்து சிரித்தார்.

"ஏ புள்ள, மாசோக் ஆங்கின்னா அது நோவோட பேரு. வயித்துக்குள்ள காத்து பூந்துருச்சாம். போர்த்திப் படுக்க வச்சு, எண்ணெய் தேச்சு, அத வெளியேத்தணுமாம். நீ என்னடான்னா ஊர்க் காத்தையெல்லாம் வெத்தல பாக்கு வச்சு அழைச்சிருக்க!"

அண்ணி குழந்தையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். என் காது இரண்டும் எரிந்தன. மறுபடியும் தப்பாகத்தான் செய்திருக்கிறேனா, இந்தக் காற்றால் நோய் கூடிவிடுமா என்று என் கணவரின் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது. நெற்றியில், மேலுதட்டில், நல்ல ஈரமான வேர்வை. காற்று பட்டு அது ஆறிக்கொண்டிருந்தது.

விஷயம் புரிந்ததும் மாக்சிக்கும் சிரித்தார். அப்புறம் எண்ணெயைத் தேய்க்காமல் விடவில்லை. அன்று சாயந்திரமே தம் வீட்டில் மீந்திருந்த, கூரை வேயும் அத்தாப்பு ஓலைக் கீற்றுகளைக் கொடுத்தனுப்பினார். தகரத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு அவற்றைக் கட்டினோம். சாரல் வரும் பக்கத்தில் இரண்டு கீற்றைத் தாழ்வாரம் போல நீட்டிவிட்டோம்.

நாலாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பினார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். மோர் கொண்டுபோனேன். குழந்தை அப்பாவைத் தேடுகிறாள் என்று சொல்லிக் கொண்டுபோனேன். நாலாவது தடவை கையில் ஒன்றும் இல்லாமலேயே போய் நின்றேன். காருக்கு அடியிலிருந்து, "இந்தா, நான் செத்தா ஆள் விட்டுச் சொல்றேன். போய்ப் படு" என்று குரல் வந்தது.

"வாயக் கழுவுடா!" என்று அண்ணி அடுப்படியிலிருந்து கத்தினார்.

குழந்தைக்குப் பால் கொடுக்கலாம் என்றுதான் படுத்தேன். கண் விழித்தபோது மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. ஓலை நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்கு ஓடினேன். காரும் இல்லை, அவரும் இல்லை. சாக்கின் மேல் பரப்பியிருந்த பாகங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அண்ணி அங்கே பலகைத் திறப்புக்குப் பக்கத்தில், காற்று வரும் இடமாகப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டிய ஓட்டிப் பாக்கப் பெக்கோக் ரோட்டுல போயிருக்கான். அது கிளம்புன சத்தத்துக்கு ஊரே எந்திரிச்சிருச்சு. உனக்கு மட்டும் கேக்கல."

"என்னை எழுப்பியிருக்கலாமே, அண்ணி."

"எதுக்கு?" என்றார் அவர், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானும் காலை நீட்டி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.